படிக்காமல் விட்ட நூற்றிருபது பக்கம்

உம் ஹாஸிம், அதாவது ஹாஸிமின் அம்மா, எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்தது நவம்பரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில். ரம்ல் டிராம் நிலையத்துக்குப் பின்புறம் தள்ளுவண்டியில் ஈரல் வறுத்து ரொட்டிக்குள் திணித்து விற்கிறவர். அந்த வண்டியை நூறு தடவை கடந்து போயிருக்கிறேன், ஆளை நிமிர்ந்து பார்த்ததில்லை. உள்ளே வந்ததும் கடை முழுக்கப் பூண்டும் சீரகமும் மணத்தன. ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி நின்றார். எதையும் தொடவில்லை.

"மகளே, தடியா ஒரு புத்தகம் குடு."

"என்ன மாதிரிப் புத்தகம் பெரியம்மா?"

"இந்த உலகத்துல நடக்காத கதை. எம் பையன் அப்படித்தான் சொல்லி விட்டான். இந்த உலகத்துல நடக்கவே கூடாதாம்."

அது என் தொழில். அலெக்சாந்திரியாவில் நபி தானியால் தெருவில் உஸ்தாத் வகீஹின் புத்தகக் கடையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மாயக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் என் பொறுப்பு. புதன்கிழமை சாயங்காலம் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, புதிதாக என்ன வந்திருக்கிறது, யாருக்கு எது பிடிக்கும் என்று அரைமணி நேரம் நேரலையில் பேசுவேன். கல்லூரிப் பிள்ளைகள், மருந்துக்கடைப் பெண்கள், ரோபோ வருகிற கதையை மட்டுமே கேட்கிற தந்தா ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் என்று ஒரு கூட்டம் உண்டு. "தஹானி சொன்னா தப்பாது" என்று எழுதுவார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

"பையன் எங்க இருக்கார்?" என்று கேட்டேன். வயது, முன்பு படித்தது இதெல்லாம் தெரிந்தால்தான் எடுத்துக் கொடுக்க முடியும்.

"உள்ள," என்றார். குவைத்தில் இருக்கிறான் என்பதுபோலச் சாதாரணமாக. "பாலைவன ரோட்டுல இருக்கே, அந்த ஜெயில்ல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை பாக்க விடுவாங்க."

எதற்காக என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அதைக் கேட்பதில்லை. சொல்ல நினைப்பவர்கள் சொல்வார்கள். போனில் அரசாங்கத்தைப் பற்றி எதையோ எழுதியிருப்பான், எவனோ பார்த்திருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கு மேல் போய் அவனுக்கு மெலிந்த முகமும் கண்ணாடியும்கூட வைத்துவிட்டேன். கதை படித்துக் கெட்ட புத்தி.

முதல் புத்தகம் திரும்பி வந்துவிட்டது. டிராகன்கள் ஆளும் ஒரு ராஜ்யத்தின் கதை, அறுநூறு பக்கம்.

"வாசல்லயே காவல்காரன் நிறுத்திட்டான்," என்றார் உம் ஹாஸிம். "முதல் பக்கத்துல மேப் இருக்காம். மேப் உள்ள போகக் கூடாதாம். 'ஐயா, அது டிராகன் ஊருங்க'ன்னேன். 'எந்த ஊரா இருந்தா என்ன, மேப் மேப்புதான்'ங்கறான். 'அந்த ஊருக்கு ஓடிப் போனா நீயே போய் டிராகன்கிட்ட கேட்டுப் புடிச்சுக்கோடா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

உஸ்தாத் வகீஹ் கணக்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். எழுபது வயது. கதைப் புத்தகமே படிக்காதவர். அகராதிகள்தான் படிப்பார்.

அடுத்த தடவை கெட்டி அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். அதற்கடுத்தது அட்டையில் வாள் இருந்ததால் திரும்பியது. நான் கற்றுக்கொண்டேன். மேப் இல்லாதது, வாள் இல்லாதது, மெல்லிய அட்டை, தலைப்பில் 'தப்பித்தல்' 'சாவி' போன்ற சொற்கள் வராதது. எங்கள் அலமாரியில் இந்த நான்கிலும் தேறுவது மிகக் குறைவு. புத்தகம் வந்திறங்கியதும் கதையைப் பார்க்குமுன் முதல் பக்கத்தில் மேப் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

டிசம்பர் முழுக்க அவர் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகன் சொல்லி அனுப்புவதை மனப்பாடமாகக் கொண்டுவந்து ஒப்பிப்பார். "நட்சத்திரத்துல குடியேறுற கதை நல்லாயிருந்துச்சாம். ஆனா அந்தத் தலைவன் ரொம்பப் பேசுறானாம், அவன் மாமா மாதிரின்னான்." "கடலுக்கு அடியில உள்ள பட்டணத்துக் கதையில கல்யாணம் வரைக்கும் சரி, அப்புறம் எழுதுனவளுக்குத் தூக்கம் வந்துடுச்சாம்." கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவன் சொல்வது சரியாக இருக்கும். நேரலையில் கைதட்டுகிற ஆயிரம் பேரைவிட, முகம் பார்க்காத இந்த ஒருவனுக்கு எடுத்துக் கொடுப்பதில்தான் எனக்கு ருசி ஏறிப்போயிற்று.

"உன் கைதி என்ன சொல்றான்?" என்பார் உஸ்தாத் வகீஹ், அவர் போனதும்.

ஜனவரி கடைசியில் வேறு விதமாகக் கேட்டு வந்தார்.

"காலம் பின்னால போற கதை வேணுமாம். ஒருத்தன் முன்னாடி நடந்ததுக்குத் திரும்பப் போவானாமே, அந்த மாதிரி. புதுசா வந்தது. பழசெல்லாம் படிச்சுட்டானாம்."

கெய்ரோ புத்தகச் சந்தைக்காக அச்சானவை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்த நேரம். நாற்பது புதுப் புத்தகம், மூன்று வாரம். எதையும் முழுசாகப் படிக்க நேரமில்லை. பாதி படிப்பேன், கடைசி அத்தியாயத்தைப் புரட்டுவேன், பேசிவிடுவேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். அந்தக் குவியலில் மன்சூராக்காரப் பெண் ஒருத்தி எழுதிய முதல் நாவல் இருந்தது. 'ஒன்பது செவ்வாய்க்கிழமைகள்'. நைல் ஆற்றங்கரை ஊரான ரஷீதில் படகோட்டும் ஒருவனுடைய படகு கவிழ்ந்து, ஏறி வந்த சிறுவன் ஒருவன் ஆற்றோடு போய்விடுகிறான். படகோட்டிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலைக்கே திரும்பிப் போகிற வழி கிடைக்கிறது. திரும்பத் திரும்பப் போகிறான். முந்நூற்றிருபது பக்கத்தில் இருநூறு படித்திருந்தேன். நான்காவது செவ்வாய்க்கிழமையில் பையனின் விரல் நுனி அவன் கைக்கு எட்டுகிறது. அந்த இடத்தில் எனக்கே மூச்சு நின்றது. இவன் காப்பாற்றிவிடுவான் என்று எண்ணிக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தேன். கடைசி அத்தியாயத்தைக்கூடப் புரட்டவில்லை.

மேப் கிடையாது. வாள் கிடையாது. அட்டையில் ஒரு நீல ஆறு மட்டும்.

"இதுதான் பெரியம்மா," என்றேன். "இந்த வருஷத்துலயே நல்ல புத்தகம். கண்ணை மூடிட்டுக் குடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது நான்தான்.

அது அட்டை கிழியாமல் உள்ளே போயிற்று. காவலன் புரட்டிப் பார்த்து, "ஆத்துக் கதையா? நல்லது" என்றானாம். வந்து பெருமையாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்க, மீதி நூற்றிருபது பக்கத்தையும் படித்து முடித்தேன். பையன் பிழைக்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது செவ்வாய்க்கிழமைகளிலும் பிழைக்கவில்லை. எட்டாவதில் படகோட்டி தன் படகைத் தானே கோடாலியால் பிளந்துவிடுகிறான். பையன் வேறு படகில் ஏறுகிறான். ஒன்பதாவதில் படகோட்டி கரையில் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், பார்க்கிறான். அவ்வளவுதான் முடிவு. புத்தகத்தை மூடியபோது என்ன துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை நேரலையில் அந்த முடிவைப் பற்றிப் பேசவும் செய்தேன். "ஆறுதல் சொல்லாத புத்தகம்" என்றேன். மூன்று நாளில் கடையிலிருந்த பிரதி எல்லாம் தீர்ந்தன.

அடுத்த திங்கட்கிழமை உம் ஹாஸிம் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"வக்கீலப் பாத்துட்டு வர்றேன். அந்தப் பொண்ணோட அப்பா இன்னும் சமாதானத்துக்கு வரமாட்டேங்கறாராம். கையெழுத்துப் போட்டா கொஞ்சம் முன்னாடி விட்டுருவாங்க. எப்படிப் போடுவாரு? நானா இருந்தாலும் போட மாட்டேன்."

"எந்தப் பொண்ணு?"

என்னை வினோதமாகப் பார்த்தார். இத்தனை நாள் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

"ரீதால். ஒம்பது வயசு. ஹாஸிம் காலேஜ் விட்டு வந்ததும் மாமாவோட மைக்ரோபஸ்ஸ ஓட்டுவான். கடற்கரை ரோட்டுல, மதியம், ஸ்கூல் விட்ட நேரம். ரோட்டக் கடந்தா. இவன் வேகமாத்தான் வந்திருக்கான். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எம் பையன்தான், ஆனாலும் சொல்ல மாட்டேன்."

என் கையில் விலைச் சீட்டு ஒட்டுகிற கருவி இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"பெரியம்மா, போன தடவை குடுத்தேனே ஆத்துக் கதை. படிச்சிருப்பானா?"

"அத எடுத்ததும் மூஞ்சி அப்படி மலர்ந்துச்சு. பின்னட்டையப் படிச்சான். 'அம்மா, இவன் காப்பாத்தப் போறான்'ன்னான். ஏன், அதுல என்ன?"

என்ன என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. சொன்னேன். ஒன்பது செவ்வாய்க்கிழமையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அப்ப கடைசி வரைக்கும் அந்தப் புள்ள செத்துத்தான் போகுது," என்றார்.

"ஆமா."

"நீ படிச்சுட்டுத்தான குடுத்த?"

கடையில் யாரோ வந்தார்கள். அந்தச் சாக்கில் எழுந்து போனேன்.

சந்திப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் ஒரு மனுஷியால் என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சிறைக்குப் போன் செய்தேன். புத்தகம் பற்றி என்றதும் வைத்துவிட்டார்கள். ஹாஸிமுக்கு ஒரு கடிதம் எழுதினேன், இருநூறாம் பக்கத்தோடு நிறுத்திவிடு என்று. வக்கீலிடம் கொண்டுபோனால், "கடிதம் அலுவலகத்துல படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, மாசம் ஆகும்" என்றார். உஸ்தாத் வகீஹிடம் சொல்லி அழுதேன்.

"அகராதி அனுப்பியிருக்கலாம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு. புத்தகம் படிச்சு யாரும் எதுவும் ஆகிடறதில்ல," என்றார். தன் வாழ்நாளெல்லாம் புத்தகம் விற்றவர். அந்தச் சொல்லை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

வியாழக்கிழமை உம் ஹாஸிமோடு நானும் போனேன். உறவுக்காரர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போனேன். காலை ஏழு மணிக்கே வாசலில் இருநூறு பேர். பெண்கள் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். வறுத்த கோழி, அரிசி திணித்த திராட்சை இலை. வெயில் ஏறியது. நிழல் தருவதற்கு அங்கே ஒரு மரம் இல்லை.

"முதல்ல அதச் சொல்லிடுங்க," என்றேன் பத்தாவது தடவையாக. "சாப்பாட்டை எடுக்கறதுக்கு முன்னாடி. படிக்காதேன்னு. கடைசிப் பகுதியப் படிக்காதேன்னு."

"சரி சரி. எனக்குக் காது இருக்கு."

அவர் போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தூரத்திலிருந்தே தெரிந்தது, துணி கட்டிய பாத்திரம் திறக்காமலே கையில் இருந்தது.

"ரெண்டு தடவை படிச்சிருக்கான்," என்றார். மண்ணில் உட்கார்ந்தார். "சாப்புட மாட்டேங்கறான். என்னடான்னா ஒண்ணுமில்லங்கறான். அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு என்னையே பாக்கறான். என்னைப் பாக்கல, என் பின்னாடி இருக்கற சுவரப் பாக்கறான். கடைசில ஒண்ணே ஒண்ணு கேட்டான்."

"என்ன?"

"'இதக் குடுத்தவங்க முழுசாப் படிச்சுட்டுக் குடுத்தாங்களான்னு கேளு'ன்னான்."

சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் யாரிடமோ தண்ணீர் கேட்டாள். படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கேள்வி அவருடையதல்ல.

"இல்ல பெரியம்மா. நான் படிக்கல. நூத்தியிருபது பக்கம் பாக்கி இருந்துச்சு. படிச்ச மாதிரிதான் உங்ககிட்டப் பேசினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். பாத்திரத்தின் முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் திறந்து ஒரு திராட்சை இலைச் சுருளை என்னிடம் நீட்டினார்.

"சாப்புடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல நீ. வீணாப்போகும்."

வாயில் போட்டேன்.

பதினைந்து நாள் கழித்து என் பதிலை அவனிடம் சொன்னாராம். அவன் தலையை ஆட்டினானாம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு புத்தகம் கேட்கவில்லை. நாங்களாகக் கொடுத்தனுப்பியவற்றை வாங்கவும் இல்லை. மேப் இல்லாத, வாள் இல்லாத, யாருமே சாகாத புத்தகங்களாகத் தேடித் தேடி எடுத்தேன். முயல்கள் நிலாவில் தோட்டம் போடுகிற ஒன்றைக்கூட அனுப்பினேன். எல்லாம் பையோடு திரும்பி வந்தன.

நேரலையில் முழுசாகப் படித்ததைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு புத்தகம், சில வாரம் அதுவும் இல்லை. "என்ன தஹானி, கடையில சரக்கு இல்லையா?" என்று எழுதினார்கள். ஆள் குறைந்தது. தந்தாவின் பல் டாக்டர் மட்டும் விடாமல் ரோபோ கேட்டார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை உம் ஹாஸிம் வந்து, வண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆத்துக் கதைய எனக்குப் படிச்சுக் காட்டு."

"வேண்டாம் பெரியம்மா."

"எம் பையன் மண்டைக்குள்ள என்ன போச்சுன்னு எனக்குத் தெரிய வேணாமா? படி."

கடையில் ஆள் வராத முற்பகல்களில் படித்துக் காட்டினேன். பதினோரு நாள் ஆயிற்று. அவர் சும்மா கேட்கிறவர் அல்ல. "ரஷீத்துல எவன் இந்த விலைக்கு மீன் விக்கறான்?" என்பார். படகோட்டியின் மனைவி வரும் இடங்களில் "இவ சரியில்ல" என்பார். உஸ்தாத் வகீஹ் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். நான்காவது செவ்வாய்க்கிழமையில் விரல் நுனி எட்டியபோது உம் ஹாஸிம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிழைக்க மாட்டான் என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டார்.

கடைசி வரி முடிந்தது.

"இந்தப் படகுக்காரன் ஒரு மடையன்," என்றார் உம் ஹாஸிம். "ஒம்பது தடவை திரும்பிப் போறான். ஒம்பது தடவையும் ஆத்துக்கே ஓடறான். அந்தப் பையனுக்கு ஒரு அம்மா இருப்பா இல்ல? ஒரு செவ்வாக்கிழமையாவது அவ வீட்டு வாசல்ல போய் நின்னானா?"

நான் அப்படி யோசித்ததில்லை. இரண்டு முறை படித்திருந்தேன், நேரலையில் பேசியிருந்தேன், யோசித்ததில்லை.

"நானும் நிக்கல," என்றார் பிறகு, மெதுவாக. "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. துக்கத்துக்குக்கூடப் போகல. கல்லெடுத்து அடிப்பாங்கன்னு பயந்தேன். நீ வர்றியா என்கூட? உனக்குப் பேசத் தெரியும்."

ரீதாலின் வீடு எங்கள் நகரத்து மியாமிப் பகுதியில், கடலிலிருந்து மூன்றாவது தெருவில், நான்காவது மாடி. மின்தூக்கி ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். என்னைவிட இளையவள் ஒருத்தி கதவைத் திறந்தாள். உம் ஹாஸிம் தன் பேரைச் சொன்னார். அவள் கதவைச் சாத்தவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. திரும்பி உள்ளே நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

காப்பி கொண்டுவரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட வைக்கவில்லை. எங்கள் ஊரில் எதிரிக்கும் வைப்பார்கள். அது கிடைக்காதபோது நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று புரிந்தது.

"கையெழுத்துக்கா வந்தீங்க?" என்றாள். ரீதாலின் அம்மா ஹனான் அவள்.

"இல்லம்மா," என்றார் உம் ஹாஸிம். "அத நான் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

காவலனிடம் டிராகன் பற்றி வாதாடிய அந்த வாய் திறந்தது, மூடியது. என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு," என்றார், ரகசியம்போல. புதன்கிழமைதோறும் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவள் நான். ஒரு சொல் கிடைக்கவில்லை. உம் ஹாஸிம் அழவும் இல்லை. வண்டியில் உட்கார்வதுபோல முழங்காலில் கைகளை வைத்து, விரல்களைப் பார்த்தபடி இருந்தார்.

"முதல் வாரமே வருவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் ஹனான். "கத்தறதுக்கு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல."

பிறகு என்னைக் கேட்டாள். "நீங்க யாரு? மகளா?"

"புத்தகக் கடையில வேலை பாக்கறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். போகச் சொல்கிறாளோ என்று நாங்கள் எழுந்து நின்றோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னப் புத்தகம். பின்னட்டையில் பள்ளி நூலகத்தின் சீட்டு ஒட்டியிருந்தது. மேகத்தில் வீடு கட்டுகிற ஒரு பெண்பிள்ளையின் கதை. நடுவில் ஒரு சாக்லேட் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அவ பையில இருந்துச்சு. எடுத்த மறுநாள்தான் அது நடந்துச்சு. ஸ்கூல்ல கேக்கவே இல்ல. நானாப் போய்த் திருப்பிக் குடுக்கணுமா? வெச்சுக்கலாமா? யாரக் கேக்கறதுன்னே தெரியல. நீங்க புத்தகக்காரங்க. சொல்லுங்க."

என்னிடம் ஆயிரம் பேர் என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தயங்கியதில்லை.

"தெரியலங்க," என்றேன். "எனக்கு நிஜமாத் தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்தோம். படியிறங்கும்போது உம் ஹாஸிம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் அழுதார்.

கையெழுத்து வரவில்லை. ஹாஸிம் முழுத் தண்டனையையும் முடித்துவிட்டு அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளியே வந்தான். நான் வைத்திருந்த முகம் இல்லை அவனுக்கு. தோள் அகன்ற, கண்ணாடி இல்லாத, தலைமுடி முன்னால் கொட்டிப்போன பையன். மைக்ரோபஸ்ஸைத் தொடவில்லை. அம்மாவின் வண்டியில் வெங்காயம் நறுக்கினான். ஒருநாள் மதியம் தனியாகக் கடைக்கு வந்தான்.

"நீங்கதானா," என்றான்.

"நான்தான்." எவ்வளவோ நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிடு ஹாஸிம். படிக்காம குடுத்தேன்."

"அம்மா சொன்னாங்க." அலமாரியைப் பார்த்தான். அந்த வருடத்துப் புதுப் புத்தகங்கள், நட்சத்திரங்களும் கோபுரங்களுமாக அட்டைகள். "கதை நல்ல கதைதான். எழுதினவங்க பொய் சொல்லல. படிச்சிருந்தா எனக்குக் குடுத்திருக்க மாட்டீங்க இல்ல?"

"மாட்டேன்."

"வேற என்ன குடுத்திருப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு வருடமாக அதைத்தான் தேடியிருக்கிறேன். அலமாரியின் முன்னால் போய் நின்றேன். ஒன்றை எடுத்தேன், திரும்ப வைத்தேன். இன்னொன்றின் முதுகில் விரலை வைத்தபடி அப்படியே நின்றேன்.

"பரவால்ல," என்றான் பின்னாலிருந்து. "இப்பல்லாம் எழுத்து தெரியுது, உள்ள போகல. அம்மா ஈரல் குடுத்து விட்டாங்க. சூடா இருக்கு, சாப்புடுங்க."

பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி, டிராம் பாதையைக் கடப்பதற்கு முன் இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வண்டியும் வரவில்லை. அப்போதும் அவன் கடக்கவில்லை.